ஊசிக்கு முன் அறுவை நாள் உறுதியாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயால் ஏற்படும் விழித்திரை விலகலுக்கான அறுவை சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பார்வை மங்கிய பிறகுதான் மருத்துவரைத் தேடும் நோயாளிகள் இன்றும் மிகுதியாக இருக்கும் நிலையில், இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கே தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும், நுண்கருவிகளும் புதிய இயந்திரங்களும் வந்துவிட்டதால் இந்த அறுவையைக் குறித்து இனி அஞ்சத் தேவையில்லை என்ற எண்ணத்தை அக்கட்டுரை வாசகர் மனத்தில் விட்டுச் செல்கிறது. இந்த அறுவையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதில் பாதுகாப்பு எங்கே அமைகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பாக, அறுவைக்கு முன் கண்ணுக்குள் போடப்படும் ஊசிக்கும் அறுவை நாளுக்கும் இடையில் உள்ள தொடர்பைப் பற்றி அக்கட்டுரை எதுவும் சொல்லவில்லை. நான் கண்ட இழப்புகளில் இன்றும் மனத்தை விட்டு நீங்காத ஒன்று அந்த இடைவெளியில்தான் நேர்ந்தது.

நோயின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நீண்டகாலச் சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, திசுக்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அந்தத் திசு, வி.இ.ஜி.எஃப். எனப்படும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. பலவீனமான இந்தக் குழாய்கள் விழித்திரைக்குள் அடங்கி நிற்காமல், கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் கூழ்மத்தின் பின்பக்கச் சவ்வைப் பற்றிக்கொண்டு கொடிபோல் படர்கின்றன. நாளடைவில் நார்த்திசுவும் சேர்ந்து அது தடித்த சவ்வாகிறது. பிறகு விட்ரியஸ் சுருங்கத் தொடங்கும்போது, குழாய் அறுந்தால் கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. அறுபடாமல் பிடிப்பு உறுதியாக இருந்துவிட்டாலோ, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள விழித்திரை, கூடாரத் துணியை நடுவில் தூக்கிக் கட்டியதுபோல் தன் இருப்பிடத்தை விட்டு இழுபடுகிறது. இதில் வலி இல்லை, கண் சிவப்பதும் இல்லை. மையப்பகுதியான மாக்குலா தப்பியிருக்கும்வரை, நோயாளி நாளிதழைத் தடையின்றிப் படித்துக்கொண்டிருப்பார்.

ஸ்கேனில் விலகல் தெரிந்தவுடனேயே அறுவை செய்தாக வேண்டும் என்பதில்லை. மாக்குலாவுக்கு அப்பால், இழுவையால் மட்டும் நேர்ந்த விலகல் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில்கூட, நகராமல் நிற்பதுண்டு. அத்தகைய கண்ணைத் தவறாமல் பார்த்துவருவதே போதுமான சிகிச்சையாக இருக்கலாம். இழுவை மாக்குலாவைத் தொட்டுவிட்டாலோ, தொடும் நிலைக்கு வந்துவிட்டாலோ அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. இழுவையோடு ஒரு கிழிசலும் சேர்ந்துவிட்டால், அதன் வழியே நீர்மம் விழித்திரைக்கு அடியில் புகுந்து, சில நாட்களிலேயே நிலைமை தலைகீழாகிவிடும். இழுவை விலகலில் விழித்திரை உட்குழிந்து, விறைத்து, அசையாமல் நிற்கும். கிழிசல் சேர்ந்தால் புடைத்து, கண் அசையும்போது தானும் அசையும். இந்த வேறுபாட்டை முதல் பரிசோதனையிலேயே எழுதி வைக்கும் மருத்துவர் பாதி ஆபத்தைக் கடந்துவிடுகிறார் என்பேன். இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்: மாக்குலா நெடுங்காலமாகப் பிரிந்து கிடந்து, இரத்த ஓட்டமும் பார்வை நரம்பும் செத்துவிட்ட கண்ணில் அறுவை செய்யாமல் விடுவதும் பொறுப்பான முடிவே.

கட்டுரை வியந்து எழுதிய கருவிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1970இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாக்கெமர், கண்ணைத் திறந்து போடாமல், பக்கவாட்டுத் துளை வழியே விட்ரியஸை வெட்டி உறிஞ்சி, அந்த இடத்தை நீர்மத்தால் நிரப்பும் விட்ரெக்டமி அறுவையைச் செய்தபோது, அவருடைய முதல் நோயாளியே சர்க்கரை நோயால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தவர்தான். அன்றைய கருவிக்கு 2 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட துளை தேவைப்பட்டது. பின்னர் அது 0.9 மில்லிமீட்டராகி, இன்று 0.6, 0.5, 0.4 என்று சுருங்கியிருக்கிறது. கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் பின்னால், விழித்திரை இல்லாத பகுதியில் இடப்படும் அந்தத் துளைகளுக்குப் பெரும்பாலும் தையலும் வேண்டியதில்லை. வெட்டும் கருவி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டுவதால், ஒவ்வொரு வெட்டிலும் விழித்திரைக்குச் செல்லும் இழுப்பு மிகக் குறைவு. அதன் வாய் நுனிக்கு அருகில் இருப்பதால் சவ்வுக்கும் விழித்திரைக்கும் இடையில் நுழையவும் முடிகிறது. ஆனால் எந்த அடுக்குக்குள் நுழைய வேண்டும் என்பதை அந்தக் கருவி சொல்லாது.

அடுக்கு என்ற இந்தச் சொல்லில்தான் இந்த அறுவையின் உயிர் இருக்கிறது. சவ்வு விழித்திரையின் மேல் முழுவதுமாக ஒட்டியிருப்பதில்லை. ஒரு துணியை ஆங்காங்கே ஆணி அடித்து நிறுத்தியதுபோல், புதிய குழாய்கள் முளைத்த இடங்களில் மட்டும் அது வேரூன்றியிருக்கிறது. பொறுமை இழந்து துணியைப் பிடித்து இழுத்தால் ஆணியோடு சுவரும் பெயர்ந்து வரும். அதாவது, இரத்த ஓட்டமின்றி மெலிந்துபோன விழித்திரை கிழியும். ஆணிகளுக்கு இடையில் உள்ள துணியை வெட்டித் தீவுகளாகப் பிரிப்பது ஒரு முறை. துணிக்கு அடியில் கிடையாகச் சென்று ஒவ்வோர் ஆணியையும் அறுத்து, சவ்வை முழுவதுமாக விடுவிப்பது இன்னொரு முறை. முதல் முறை எளிது, ஆயினும் எஞ்சும் தீவுகள் பின்னர் கசியலாம். இரண்டாவது முழுமையானது, கை தவறினால் கிழிசலும் பெரிதாகவே வரும். அனுபவம் உள்ள அறுவை மருத்துவர் ஒரே கண்ணில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாள்வார். நான் பின்பற்றிய வழக்கம், பார்வை நரம்பை ஒட்டிய பகுதியில் தொடங்கி வெளிநோக்கிச் செல்வது. அங்கே விழித்திரை ஓரளவு தடிமனாக இருக்கும்; ஓரப்பகுதியில் அது ஈரத்தாளைப் போன்றது.

இங்கே இளம் மருத்துவர்களை ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. சர்க்கரை நோயுள்ள கண்ணில் விட்ரியஸின் பின்பக்கச் சவ்வு பல வேளைகளில் இரண்டு ஏடுகளாகப் பிளந்திருக்கும். மேலேட்டை உரித்தவர் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவார். கீழேடு விழித்திரையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும், சில வாரங்களில் சுருங்கி மீண்டும் இழுக்கும். டிரையாம்சினலோன் என்ற வெண்ணிற மருந்தைத் தெளித்தால் அதன் துகள்கள் எஞ்சிய ஏட்டின்மேல் படிந்து அதைக் காட்டிக் கொடுக்கும். அறுவை அரங்கில் இதற்காகச் செலவாகும் சில நிமிடங்களை வீண் என்று கருதுபவரை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. அதேபோல், சவ்வு அகன்றும் உறுதியாகவும் ஒட்டியிருக்கும் கண்ணில், விளக்கைத் தனித் துளையில் நிலையாகப் பொருத்திவிட்டு, ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் கத்தரியுமாக வேலை செய்வது பெரும் பாதுகாப்பு. ஒரு கை விளக்குக்கே போய்விட்டால், சவ்வைத் தூக்கிப் பிடிக்கவும் வெட்டவும் இருப்பது ஒரே கைதான்.

இரத்தக் கசிவு வந்தால் பார்வைப் புலமே மறைந்துவிடும். உள்ளே செல்லும் நீர்மத்தின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காத குழாயை டயாதெர்மி எனப்படும் மின்வெப்பக் கருவியால் சுட வேண்டும். உயர்த்திய அழுத்தத்தை உடனே இறக்க மறக்கக் கூடாது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்துள்ள பார்வை நரம்பு அந்த அழுத்தத்தை அதிக நேரம் தாங்காது; விழித்திரை அழகாக ஒட்டியிருந்தும் பார்வை திரும்பாத சில கண்களுக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். இழுவை முற்றிலும் நீங்கி, கிழிசல் எதுவும் இல்லையென்றால், அடியில் தேங்கிய நீர்மம் வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். அறுவை மேசையிலேயே விழித்திரை தட்டையாகிவிட வேண்டும் என்ற ஆசையில் அதில் துளையிட்டு நீரை வடிப்பது, இல்லாத கிழிசலை நாமே உண்டாக்குவதாகும். எந்த ஒட்டலைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவரிடமே என் கண்ணை ஒப்படைப்பேன்.

லேசரைப் பற்றிச் சில சொற்கள். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வு, விழித்திரையின் ஓரப்பகுதி முழுவதும் லேசர் இடுவது கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று நிறுவியது. அறுவையின்போதே கண்ணுக்குள்ளிருந்து இந்த லேசரை முழுமையாக இட்டுவிட வேண்டும். அது குறைந்தால் மீண்டும் கசிவும், கருவிழிக்குப் பின்னால் குழாய்கள் முளைத்து வரும் கொடிய கண்ணழுத்த நோயும் தொடரக்கூடும்.

இனி ஊசிக்கு வருகிறேன். வி.இ.ஜி.எஃப். காரணியைத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற மருந்தை அறுவைக்குச் சில நாட்களுக்கு முன் கண்ணுக்குள் செலுத்தினால், புதிய குழாய்கள் வாடிச் சுருங்குகின்றன. அறுவையின்போது இரத்தம் குறைவாகவே கசிகிறது, சவ்வைப் பிரிப்பதும் எளிதாகிறது. நானும் இதை நன்றியுடன் பயன்படுத்தியவன்தான். ஆனால் அதே மருந்து, குழாய்கள் வாடும் வேகத்தில் நார்த்திசுவை இறுகச் செய்கிறது. முன்பு மெல்ல இழுத்துக்கொண்டிருந்த சவ்வு, ஊசிக்குப் பின் சட்டென்று சுருங்கி விழித்திரையை மேலும் தூக்கிவிடலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான சர்க்கரை விழித்திரை நோயுள்ள 211 கண்களுக்கு இந்த ஊசி போடப்பட்டதில், 11 கண்களில் இழுவை விலகல் புதிதாகத் தோன்றியது அல்லது முற்றியது. அதற்கு ஆன காலம் சராசரியாக 13 நாட்கள். நூற்றுக்கு 5 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த ஐவரில் ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை.

அவர் இரு பிள்ளைகளின் தாய். இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை போய்விட்டது. எஞ்சிய கண்ணில் இழுவை மாக்குலாவின் விளிம்புவரை வந்திருந்தது. பார்வை நன்றாகவே இருந்தது. நான் அப்போது பணிபுரிந்த இடத்தில் திங்களன்று ஊசி போட்டோம். வெள்ளியன்று அறுவை என்று சொல்லியனுப்பினோம். வெள்ளியன்று காலை அவருடைய இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது, இரத்த அழுத்தமும் அப்படியே. மயக்க மருத்துவர் மறுத்தார். அவர் மறுத்தது சரியே. சர்க்கரையைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். கண்ணுக்குள் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து நாட்களுக்குள் வந்தே தீர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஐந்தாவது வாரம் வந்தார். மாக்குலா முழுவதும் பிரிந்திருந்தது, இழுவையோடு கிழிசலும் சேர்ந்திருந்தது. அறுவைக்குப் பின் விழித்திரை ஒட்டியது. வெளிச்சத்தையும் நடமாடும் உருவங்களையும் அறியும் அளவுக்கு மேல் பார்வை திரும்பவில்லை. அதன் பிறகு ஊசி போடும் வரிசையை நான் மாற்றிக்கொண்டேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, இதயப் பரிசோதனை, மயக்க மருத்துவரின் ஒப்புதல், நோயாளியை அழைத்து வரும் உறவினரின் உறுதி ஆகிய அனைத்தும் கையில் வந்து, அறுவை நாள் பட்டியலில் ஏறிய பிறகே ஊசி. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன். ஒரு வாரத்தை மீற விடுவதில்லை. ஊசிக்குப் பிறகு ஏதேனும் காரணத்தால் அறுவை நின்றுபோனால், அந்த நோயாளியின் பெயர் அடுத்த பட்டியலில் முதலாவதாக வர வேண்டும். கண்ணை அந்த இடைவெளியிலேயே மீண்டும் பார்க்கவும் வேண்டும். இதற்கு எந்தப் புதிய இயந்திரமும் தேவையில்லை என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அறுவை இன்றி, இந்த ஊசியை மட்டுமே நம்பி நோயைக் கட்டுப்படுத்தும் வழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2015இல் வெளியான ஆய்வு, தவறாமல் வரும் நோயாளிகளுக்கு ஊசியும் லேசருக்குக் குறையாத பலனைத் தரும் என்று காட்டியது. ‘தவறாமல் வரும்’ என்ற நிபந்தனையை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஆறு மாதங்களுக்கு மேல் வராமல் இருந்துவிட்டுத் திரும்பிய நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவுகளில், ஊசி மட்டும் பெற்றிருந்தவற்றில் 10 கண்களில் இழுவை விலகல் காணப்பட்டது. லேசர் பெற்றிருந்தவற்றில் ஒன்றே ஒன்றில். டயாலிசிஸ், கால் புண், இதய நோய் என்று பல மருத்துவமனைகளுக்கும் அலையும் ஒருவரால் மாதந்தோறும் கண்ணுக்காகவும் வர இயலுமா என்று கேட்காமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது தவறு. வர இயலாதவருக்கு லேசரே காவல்.

அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் காற்றோ, வாயுவோ, சிலிக்கான் எண்ணெயோ நிரப்பப்படலாம். எஸ்.எஃப்.6 வாயு ஏறக்குறைய இரண்டு வாரங்களிலும் சி3எஃப்8 வாயு ஏறக்குறைய எட்டு வாரங்களிலும் கரையும். எண்ணெய் கரையாது, பெரும்பாலும் சில மாதங்களுக்குப் பின் இன்னோர் அறுவையில் அதை எடுக்க வேண்டும். வாயு உள்ளவரை விமானப் பயணமும் உயர்ந்த மலைப்பயணமும் கூடாது. வேறெந்த அறுவைக்காகவும் நைட்ரஸ் ஆக்சைடு மயக்கம் தரக் கூடாது. இரண்டிலும் வாயு விரிந்து கண்ணின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். கிழிசல் எதுவும் இல்லாத எளிய கண்ணில் இவை எதையும் நிரப்பாமலே விடலாம் என்பதையும் நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது. எண்ணெய் வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது தேவைப்படும் கண்ணில் மட்டுமே அந்த நம்பிக்கை சரி.

உடல்நிலையைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கு மறுநாள் அறுவையை வைத்துக்கொள்வதும், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குமா என்று முன்பே சோதிப்பதும் உயிரைக் காக்கும் சிறு செயல்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை, கண்ணில் கசிவு வருமோ என்ற பயத்தில் நோயாளி தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதனால் வரும் மாரடைப்போ பக்கவாதமோ கண்ணை விடப் பெரிய இழப்பு. மருத்துவர் சொன்னால் மட்டுமே நிறுத்த வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் அவசர அவசரமாகச் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்குவதும் ஆபத்தானது. சில வாரங்கள் முன்பே தொடங்கி நிதானமாகக் கட்டுக்குள் கொண்டுவருவதே முறை.

‘விழித்திரை ஒட்டிவிட்டது’ என்று மருத்துவர் சொல்வதும், ‘பார்வை வந்துவிட்டது’ என்று குடும்பத்தார் புரிந்துகொள்வதும் வெவ்வேறு செய்திகள். ஒட்டிய பிறகும் பார்வை எவ்வளவு திரும்பும் என்பது மாக்குலாவின் இரத்த ஓட்டத்தையும் அது எத்தனை காலம் பிரிந்திருந்தது என்பதையும் பொறுத்தது. கண்புரை வளரலாம், மீண்டும் கசியலாம், இரண்டாவது அறுவை தேவைப்படலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் இவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில், உறவினர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோயைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, நோயாளிகள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் வெளியிடுங்கள்: என் கண்ணில் இருப்பது இழுவை மட்டுமா, கிழிசலும் உண்டா? ஊசி போட்டபின் எத்தனை நாட்களுக்குள் அறுவை? அன்று நடக்காமல் போனால் நான் யாரை அழைக்க வேண்டும்? கண்ணுக்குள் எதை நிரப்பியிருக்கிறீர்கள், அது எப்போது போகும்? மருத்துவமனைகளும் ஊசி போட்ட தேதியையும், அறுவைக்கான கடைசி நாளையும், உள்ளே நிரப்பிய பொருளின் பெயரையும் நோயாளியின் சீட்டில் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் எழுதித் தரலாம். ஒரு கண்ணுக்கு அறுவை நடக்கும் நாட்களில் மற்றக் கண்ணையும் மருந்திட்டு விரித்துப் பார்த்து, தேவையான லேசரை அந்த வாரங்களிலேயே முடித்துவிடும்படி அதே சீட்டில் ஒரு வரி சேர்க்கவும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விழித்திரை அறுவை மருத்துவர் ஒருவர்